பிடிப்பு கூடிவிட்டது

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

போனில் கத்திவிட்டுப் பட்டென்று வைத்தவள் நான்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். "மாத்திரை போட்டியா, கால் எப்படி இருக்கு, எப்ப வர்ற?" வாரம் முழுக்க இந்த மூன்றையே மாற்றி மாற்றிக் கேட்டால், பேசுவது கூடப் பிறந்தவனா ஆஸ்பத்திரி ரிசப்ஷனா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அதனால்தான் இனிமேல் போன் வேண்டாம், கடிதம் மட்டும் எழுதுவோம் என்றேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதி போதும் எனக்கு.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வலது காலில் பிடிப்பு இருக்கிறது. காலையில் எழும்போது கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகிக்கொள்கிறது. இடது கை விரல் நுனிகளில் உணர்ச்சி குறைவு. மத்தியானம் ஆனால் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி களைப்பு. எம்.எஸ். என்று டாக்டர் முதலில் சொன்ன அன்று, நரம்பின் மேல் உறையை நம் உடம்பே அரித்துவிடுகிறது, மூளை போடும் உத்தரவு காலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியில் தொலைந்துவிடுகிறது என்று நம் இருவருக்கும் படம் போட்டுக் காட்டினாரே, அதே கதைதான் இன்றும். புதிதாக ஒன்றும் இல்லை. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையைப் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருக்கிறார்கள். ஊரார் பிழைகளைத் திருத்தி என் பிழைப்பு ஓடுகிறது.

உன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, பள்ளிக்கூட விடுமுறைக்குள் நான் வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனால் இப்போதைக்கு வருவதாக இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. நான் நடன வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நூலகத்தின் மேல்மாடியில், சனிக்கிழமை சாயங்காலம், எம்.எஸ். உள்ளவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். நடக்கவே யோசிக்கிறவளுக்கு நடனம் ஒரு கேடா என்று நீ கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டாயிற்று.

இன்னொன்று. போன கடிதத்தில் என் எழுத்து சாய்ந்திருந்தது என்று கவலைப்பட்டாயாம், உன் மனைவி சொன்னாள். நான் படுத்துக்கொண்டு எழுதினேன், எழுத்தும் படுத்துக்கொண்டது. எழுத்தைப் பார்க்காதே, எழுதியிருப்பதைப் படி.

குட்டிக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருக்காது. உன் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு க், ச்-க்கும் என்னைக் குட்டிக்கொண்டிருக்கிறாள். போன தடவை நீ சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியதை அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். அப்பனுடைய மானம் கப்பலேறியது.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்த ஹாலில் தரை என்ன தரை? டைல்ஸா, மரமா? டைல்ஸ் என்றால் வழுக்கும். சுவரோரம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் சொல், அளவு மட்டும் எடுத்து அனுப்பு, நானே கைப்பிடி செய்து அனுப்புகிறேன். நீ விழுந்தால் பிடிக்க யார் இருக்கிறார்கள்? எல்லாருக்கும் அதே வியாதி என்றால் யார் யாரைப் பிடிப்பது? இதையெல்லாம் அந்த டீச்சர் யோசித்தாரா?

பட்டறையில் வேலை நிறைய. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிக் கைப்பிடி முழுக்க நாம்தான். அதில் மிஞ்சிய ஸ்டீல் பைப்பில் நம் வீட்டு நடையிலும் உன் அறையிலும் பாத்ரூமிலும் கைப்பிடி போட்டு முடித்துவிட்டேன். உன் உயரம்தானே என் வீட்டுக்காரிக்கும், அதனால் இவளை நடக்கவிட்டு அளவு எடுத்தேன். "எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல, ஆளை விடுங்க" என்கிறாள். பாத்ரூம் போகும்போது மட்டும் அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.

அக்கா, நீ தனியாக இருக்கிற வீட்டை நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பியவள் நீ. இப்போது என் முறை. அவ்வளவுதான் நான் சொல்வது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

தரை மரத்தரை. போதுமா? வழுக்காது. சுவரோரம் நாற்காலிகள் இருக்கின்றன, உன் கைப்பிடிக்கு அவசியம் இல்லை. நூலகக்காரர்களிடம் நீ அளவு கேட்டுக் கடிதம் எதுவும் எழுதித் தொலைக்காதே.

சரி, வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், நீ கொஞ்சம் நிம்மதியாக இரு. லிஃப்டில் ஏறி மேலே போனால் நீளமான ஹால். நாலு மூலையிலும் பெரிய மின்விசிறி. எங்களுக்கு உடம்பு சூடானால் கால் இன்னும் மக்கர் செய்யும், கண் மங்கும், அதற்காக. குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கும். டீச்சர் என்னைவிடச் சின்னவள். மேடையில் ஆடியவள், பிறகு ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்டுகளோடு உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டாளாம். களைத்த பிறகு உட்காருவது அவளுக்குப் பிடிக்காது, களைப்பதற்கு முன்னாடியே உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியும் ஆட வேண்டும். தோளால், கழுத்தால், விரலால். முதல் நாள் நான் புருவத்தால்தான் ஆடினேன் என்று நினைக்கிறேன், அவ்வளவு வெட்கம்.

எனக்கு ஜோடியாக வருபவர் ஒரு வக்கீலம்மா. சக்கர நாற்காலி. எங்களுக்குள்ளே நோய் முற்றியது அவருக்குத்தான், வாய் நீளமும் அவருக்குத்தான். "இத்தனை வருஷம் வாதாடி வாதாடி அலுத்துட்டேன், இங்க வந்து சும்மா ஆடறேன்" என்று முதல் நாளே சொன்னார். நாற்காலியை அவர் ஒரு சுற்றுச் சுற்றித் திருப்புவதைப் பார்த்தால் உனக்கு வண்டி ஓட்டவே கூச்சமாகிவிடும்.

இப்போது உனக்குப் புரியுமா பார். நான் "காலே, எழுந்திரு" என்று உத்தரவு போட்டால் வலது கால் கேட்காது. உன்னைப் போல அதுக்கும் அதிகாரம் ஆகாது. டீச்சர் காலைத் தூக்கு என்று சொல்வதே இல்லை. "பாட்டு அந்தப் பக்கம் போகுது, நீங்களும் கூடப் போங்க" என்கிறாள். பாட்டு போகிறது, இடுப்பு கொஞ்சம் பின்னாலேயே போகிறது, தனியாக விடக் கூடாதே என்று காலும் கிளம்பி வந்துவிடுகிறது. முதல் தடவை அது வந்தபோது நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வக்கீலம்மா பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, "சாட்சி அழக் கூடாது, கோர்ட்டு நேரம் வீணாகுது" என்றார்.

ஜோடியாக ஆடும்போது ஒரே ஒரு விதி. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துக்கொள்ள வேண்டும், விரலை மடக்கக் கூடாது. "கை குடுங்க, பிடிக்காதீங்க" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வருவாள். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் கை சொல்லிவிடும். இதெல்லாம் மருந்து இல்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டுவிட்டேன். நிற்பது, திரும்புவது, களைப்பு இதெல்லாம் கொஞ்சம் தேறும், மனசு நன்றாகவே தேறும் என்றார். தேறுகிறது. அடுப்படியில் திரும்பும்போது இப்போது நான் சுவரைத் தடவுவதில்லை.

"எனக்குத் தலை வாரிவிட்டாய், இப்போது என் முறை" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வாரிவிட்டேன், சரி. ஆனால் நீ ஒன்பதாவது வந்ததும் என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை மறந்துவிட்டாயா?

உன் அக்கா


மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

இன்று நாலு வரிதான். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, கைப்பையை மேஜையாக்கி எழுதுகிறேன். கை ஓய்ந்துவிட்டது. ஆனால் இதை இன்றைக்கே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இந்த வகுப்புக்கு வந்ததிலிருந்து பிடிப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. காலையில் கண் விழித்ததும் முதலில் தெரிவது அதுதான். இது என்னை எங்கே கொண்டுபோய் விடுமோ தெரியவில்லை.

பஸ் வந்துவிட்டது. மற்றவை பிறகு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்தைப் பார்க்காதே என்பாய், பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே விழுகிறது. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை.

நம் தெரு பிசியோதெரபிஸ்டிடம் உன் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். "பிடிப்பு நாளுக்கு நாள் கூடுதுன்னா சும்மா விடக் கூடாது, உடனே பாக்கணும். அந்த ஆட்டத்தை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார். நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். நீ கேட்கவில்லை.

இனி நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. உன் ஹவுஸ் ஓனரின் நம்பர் என்னிடம் இருந்தது, அவர் பால்கனிக்குக் கிரில் போட்டவன் நான்தானே. இந்த மாதக் கடைசியில் அக்கா காலி செய்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர், உடனே சரி என்றார். சாமான் ஏற்றிவர வண்டிக்கும் சொல்லிவிட்டேன். வேலைக்கு என்ன எழுத வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள். இங்கே இருந்துகொண்டே பார்க்க முடியுமானால் பார்.

கோபப்படுவாய். பட்டுக்கொள். நீ இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு என்னோடு வருஷம் முழுக்கப் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்கிறேன். நீ அங்கே தனியாக ஓர் அறையில் கால் இறுகிக் கிடப்பதை என்னால் தாங்க முடியாது.

உன் அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. உனக்குப் பிடித்த இளம்பச்சை.

தம்பி


மார்ச் 24

தம்பி,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வரலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஹவுஸ் ஓனர், பின்னால் சிரித்த முகமாக ஓர் இளம் தம்பதி. "சும்மா பாத்துட்டுப் போறோம்மா" என்று உள்ளே வந்தார்கள். ஏதோ உறவுக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார் போல என்று நினைத்தேன். அந்தப் பெண் பையிலிருந்து டேப்பை எடுத்து என் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்தாள். "அக்கா, இந்த முனையைக் கொஞ்சம் புடிங்களேன்" என்றாள். நானும் பிடித்தேன். என் வீட்டை இன்னொருத்தி அளக்க நானே டேப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பது மறுநாள் உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

உன் கடிதத்தைப் படித்தேன். கோபத்தில் அதைச் சுருட்டி எறிந்தேன். அப்புறம் என்னுடைய கடிதத்தில் அப்படி என்னதான் எழுதினேன் என்று யோசித்தேன். யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அடேய், பிடிப்பு என்றால் சதை இறுகுவது ஒன்றுதானா? கல்யாணத்துக்கு முன்னால் "வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்லக்கா" என்று என் காதைத் தின்றாயே, அப்போது உன் கெண்டைக்காலையா சொன்னாய்? அந்தப் பிடிப்பைத்தான் நான் எழுதினேன். வகுப்புக்குப் போகப் போக எனக்கு வாழ்க்கையில் பிடிப்பு கூடுகிறது என்று எழுதினேன். காலையில் கண் விழித்ததும் இன்று என்ன செய்யலாம் என்ற ஆசைதான் முதலில் வருகிறது, கால் இறுகியிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வருகிறது. இந்த ஆசை என்னை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பெருமையாக எழுதினேன். எழுத்து ஏறி இறங்கியது மடியில் வைத்து எழுதியதால். போனை எடுக்காதது, அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் ஒன்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்ததால். ஊரில் எவர் வாக்கியத்திலாவது இரண்டு அர்த்தம் தொனித்தால் சிவப்பு வட்டம் போடுவதுதான் என் தொழில். என் சொந்த வாக்கியம் நாலே வரியில் என்னை வீட்டை விட்டே கிளப்பப் பார்த்தது. பதிப்பகத்தில் சொன்னால் மேஜை மேல் ஏறி நின்று சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

சிரித்து முடித்ததும் அழுதேன். அது வேறு. அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

என் வாக்கியம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நீ நினைத்த அர்த்தத்திலேயே எழுதியிருந்தாலும் நீ செய்தது தப்பு. பிசியோதெரபிஸ்டைக் கேட்டாய், ஹவுஸ் ஓனரைக் கேட்டாய், வண்டிக்காரரைக் கேட்டாய். என்னை மட்டும் கேட்கவில்லை. கால்தான்டா கொஞ்சம் சொன்னபடி கேட்பதில்லை, தலை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. எனக்குப் பயமே அதுதான். நான் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் வரும். எழுந்திருப்பதற்கு முன்னால் இரண்டு கை நீளும். கொஞ்ச நாளில் நானும் எழுந்திருப்பதை விட்டுவிடுவேன், அது எனக்கே தெரியாது. இங்கே பால் வாங்க நானே கீழே இறங்க வேண்டும். சில நாள் அரை மணி நேரம் ஆகிறது, எரிச்சலாக இருக்கிறது, ஆனால் இறங்குகிறேன். இந்த வீடு போனால் நூலகத்து மாடி போய்விடும். இன்னொரு ஊரில் இன்னொரு வகுப்பைத் தேடித் தைரியமாகப் போய் நிற்க எனக்கு மறுபடி வருமா, தெரியாது. அதனால் இந்த வீட்டை நான் விடுவதாக இல்லை.

சனிக்கிழமை புறப்பட்டு வா. நீ போட்ட முடிச்சு, நீயே அவிழ். ஹவுஸ் ஓனரிடம் நீயே பேச வேண்டும். சாயங்காலம் என்னோடு வகுப்புக்கும் வர வேண்டும். வண்டி கொண்டுவராதே, பஸ்ஸில் வா.

அன்புள்ள (இப்போது வந்துவிட்டது) அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் எனக்குப் பேச்சு வரவில்லை, நீதான் பார்த்தாயே. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உன் மருமகளை வெளியே அனுப்பிவிட்டேன், ஒற்றுப்பிழை இருந்தால் வட்டம் போட்டுக்கொள்.

ஹவுஸ் ஓனர் முதலில் "வாக்கு குடுத்துட்டேன் தம்பி, இப்ப எப்படி மாத்துறது" என்றபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் வீட்டை நானே தெருவில் வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். உன் வக்கீலம்மா அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "குடியிருக்கறது இவங்க. காலி பண்றேன்னு சொன்னது இவரு. நாளைக்கு நான் போய் உங்க வீட்டை நீங்க காலி பண்றீங்கன்னு யார்கிட்டயாவது சொன்னா நீங்க மூட்டை கட்டுவீங்களா?" என்று அவர் கேட்டதும் மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு, பின்பக்கத்து வீடு அடுத்த மாதம் காலியாகிறது, அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று இறங்கி வந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க நல்ல தம்பி, ஆனா ரொம்ப மோசமான கட்சிக்காரர்" என்றார். நான் இதுவரை யாரிடமும் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது இல்லை, ஆனாலும் அவரைப் பிடித்துப் போயிற்று.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சர் என்னை உன் எதிரில் நிறுத்தியதும் நான் உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். "பிடிக்காதீங்க, கை மட்டும் குடுங்க" என்றார். விட்டேன். நீ லேசாக ஆடியதும் மறுபடி பிடித்தேன். மறுபடி சொன்னார். எத்தனை தடவை சொன்னாரோ, அங்கே இருந்த எல்லாருமே ஒரு கட்டத்தில் சேர்ந்து "பிடிக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. நாலு மின்விசிறி ஓடுகிற இடத்தில் வேர்த்தவன் நான் ஒருத்தன்தான்.

அப்புறம் கையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். நீ சாய்ந்தாய். எனக்குப் பிடிக்கத் தோன்றியது, ஆனாலும் விரலை மடக்காமல் நின்றேன். நீயே என் கையை அழுத்தி, நிமிர்ந்து, அந்தப் பக்கம் போனாய். போகும்போது சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் பட்டறையில் நாள் முழுக்கக் கைப்பிடி செய்கிறேன். கைப்பிடி யாரையாவது போய்ப் பிடிக்கிறதா? அது பாட்டுக்கு அதன் இடத்தில் நிற்கிறது, வேண்டியவர்கள் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். தொழில் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை பார்.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். இனி ஒன்று செய்வதற்கு முன் எழுதிக் கேட்பேன்.

அறை அப்படியே இருக்கிறது. சும்மா சொல்கிறேன், வா என்று சொல்லவில்லை.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 5

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல். நான் நன்றாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

நோய் திடீரென்று ஒரு தடவை கிளம்பி அடங்கியது. போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கால் சுத்தமாக வரவில்லை, ஒரு கண்ணில் பனி மூடிய மாதிரி இருந்தது. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் ஆம்புலன்சுக்கும் டீச்சருக்கும் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்னாடியே வந்து நின்றார். ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கண் தெளிந்துவிட்டது. கால் பாதி வந்திருக்கிறது. மீதி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் நேராகச் சொன்னார். நானும் நேராகக் கேட்டுக்கொண்டேன். போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். நீ வந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் நீ என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய், நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஒரு வாரம் எனக்கு அவ்வளவு பயம். இப்போது பயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன், இரண்டு அர்த்தம் எதற்கும் இல்லை.

பகலில் ஒரு பெண் வந்து சமைத்து, குளிக்க உதவிவிட்டுப் போகிறாள். நானே பார்த்துப் பேசி வைத்தேன். இப்போதைக்குச் சக்கர நாற்காலிதான். போன சனிக்கிழமை டீச்சரும் வக்கீலம்மாவும் இங்கேயே வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுவரோடு தள்ளி, பாட்டைப் போட்டு, நடுக்கூடத்தில் இரண்டு நாற்காலிகளும் எதிரெதிரே. எனக்குத் திருப்பத் தெரியவில்லை, போய் அலமாரியில் முட்டினேன். "புது லைசென்ஸ், அப்படித்தான் இருக்கும்" என்றார் வக்கீலம்மா. சொன்னால் நம்ப மாட்டாய், நான் சந்தோஷமாக இருந்தேன். நோயை எனக்குப் பிடிக்கவில்லை, ஒருநாளும் பிடிக்காது. ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ வர வேண்டாம். வேண்டும் என்றால் வேண்டும் என்று எழுதுவேன், போன்கூடச் செய்வேன், உனக்கு அந்த வாக்குக் கொடுக்கிறேன். இது உன்னைத் தள்ளி வைப்பது இல்லை. உன்னிடம் இப்படிச் சொல்ல முடிகிறதே என்றுதான் எனக்கு நிம்மதி.

குட்டிக்குப் பரீட்சை எப்படிப் போயிற்று?

உன் அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பையை எடுத்துவிட்டேன். இவள் குறுக்கே நிற்கவில்லை, "அண்ணி எழுதினதை இன்னொரு தடவை படிச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து படித்தேன். உன் ஊர் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அடுத்ததும் வந்தது. அதுவும் போன பிறகு எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு வெல்டிங்கும் நேராக வரவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அறுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அக்கா, நான் உனக்காகச் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது இந்த வராமல் இருந்ததுதான். இதைச் சொல்லிக் காட்டவில்லை, உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

குட்டி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். தனக்கென்று ஒரு படிக்கிற இடம் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இளம்பச்சை அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் அது உன் அறையே இல்லையே, எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டேன். சாவியை அவள் கையில் கொடுத்தேன். "அத்தை வந்தா எங்க படுப்பாங்க?" என்று கேட்டாள். "உன்னோட படுப்பாங்க, விருந்தாளிங்க எங்க வேணா படுக்கலாம்" என்றேன்.

நீ வரவில்லை என்று வீடு வெறிச்சோடிக் கிடக்கவில்லை, கலகலவென்று இருக்கிறது. அவள் சுவர் முழுக்கப் படம் ஒட்டிவிட்டாள்.

உனக்கு நாற்காலியில் பிரயாணம் செய்ய முடிகிறபோது, அவளுடைய அடுத்த விடுமுறைக்கு வா. வக்கீலம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவர் நாற்காலிக்கும் வாசலில் சரிவு போட்டுவிடுகிறேன். எந்த நாள் வருகிறாய் என்று எழுது. எந்த நாள் திரும்பிப் போகிறாய் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடு. அன்றைக்குப் பட்டறைக்கு லீவு விட்டு, நானே கொண்டுவந்து உன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி